கரையில் ஏறிய பாய்

வெட்டுங்க சார். பேனா கையிலதான இருக்கு, வெட்டுங்க. உங்க மீன்துறைச் சட்டப்படி ஒரு ஆளு பேரு ரெண்டு படகுப் பட்டியல்ல இருக்கக் கூடாதுங்கிய. சரி. பெரிய வள்ளத்துப் பட்டியல்ல இருக்கே, அத வெட்டுங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு? கஸ்பார் மகன் இஞ்ஞாசி, வயசு அம்பத்தஞ்சு. அந்தா ஏலக்கொட்டகைக்குப் பக்கத்துல நீலக்கலர்ல ஒரு ஃபைபர் போட்டு கெடக்கே, சின்னது, அதுதான் என் படகு. அதுல மட்டும்தான் என் பேரு இருக்கணும்.

பெரிய வள்ளத்துல என் பேர எழுதிக் குடுத்தது யாரு? சொல்லுங்க. எங்க அண்ணன் தொம்மைதான? எனக்குத் தெரியாதா? வள்ளத்துல போற எட்டுப் பேரு யாரு யாருன்னு நீங்க கேட்டிருப்பிய, அவரு வாய் கூசாம ரெண்டாவது பேரா இஞ்ஞாசின்னு சொல்லியிருப்பாரு. நான் அந்த வள்ளத்துல கால் வச்சு ஆறு மாசமாச்சு சார். ஆறு மாசம்! ஊர்ல நாய்க்குட்டிக்குக் கூடத் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாதாக்கும்.

அவசரப்படாதிய, உக்காருங்க. மத்த படகெல்லாம் எங்கயும் ஓடிராது. இத நீங்க தெரிஞ்சுக்கிடணும். நாளைக்கு உங்க ஆபீசுல எவனாவது, இந்த இஞ்ஞாசி என்னடா அண்ணன விட்டுட்டு வந்த பய அப்பிடின்னு கேட்டா, நீங்க பதில் சொல்லணும்லா? அதுக்குச் சொல்லுதேன். டீ வரட்டும். ஏ ஜெபா, சாருக்கு ஒரு டீ! சீனி கம்மியா!

வள்ளம் எங்க அப்பா செஞ்சது. முப்பத்தாறு அடி. எங்க ஊர்க் கோயில் சந்தியாகப்பர் பேரு எழுதுனது. அப்பா போன பொறவு அண்ணன் பின்னால சுக்கான் பிடிப்பாரு, நான் முன்னால நிப்பேன். இருவத்தெட்டு வருசம் முன்னாலதான் நின்னேன். முன்னால நிக்கவன்தான் தண்ணியப் பாக்கணும், நங்கூரம் போடணும், கரை பிடிக்கையில மொதல்ல குதிக்கணும். அலை அடிச்சா நனையுறது யாரு? நான். பேரு வாங்குறது யாரு? சுக்கான் பிடிக்கவரு. ஊருக்குள்ள 'தொம்மை வள்ளம்'னுதான் சொல்லுவாவ. 'இஞ்ஞாசி வள்ளம்'னு ஒரு வாயி சொல்லிக் கேக்கணுமே! நான் பெருசா எடுத்துக்கிடல. சும்மா உங்க காதுல போட்டு வைக்கேன்.

எங்க அப்பா எங்களுக்கு வச்சிட்டுப் போன சொத்து வள்ளம் மட்டும் இல்ல. அடுப்புக்கல்லுன்னு ஒண்ணு இருக்கு. கடலுக்கு அடியில மூணு பாறை, அடுப்புக்குக் கூட்டி வச்ச கல்லு மாதிரி. நடுப்பள்ளத்துல களவா மீனு கெடக்கும், விளமீன் கெடக்கும். தூண்டியப் போட்டா கை வலிக்கிற வரைக்கும் இழுக்கலாம். அப்பா கண்டுபிடிச்ச எடம். இந்தக் கரையில எங்க ரெண்டு பேரத் தவிர ஒருத்தனுக்கும் தெரியாது.

அத எப்பிடிக் கண்டுபிடிக்கதுன்னு கேக்கியளா? நீங்க கரைக்காரவுக, சொன்னாத்தான் வெளங்கும். கடல்ல ரோடு கெடையாது, போர்டு கெடையாது. கடல்ல நின்னு கரையப் பாக்கணும். நம்ம கோயிலு கோபுரம் இருக்கா, அதுக்குப் பின்னால தேரின்னு செம்மணல் மேடு இருக்கா, அந்தத் தேரி மேட்டுல ஒரு பள்ளம் தெரியும். கோபுரத்துச் சிலுவை அந்தப் பள்ளத்துக்குள்ள சரியாப் போயி உக்காரணும். அது ஒரு கணக்கு. வடக்க ஐஸ் கம்பெனி தண்ணித் தொட்டி லைட்ஹவுச மறைக்கணும். அது ரெண்டாவது. ரெண்டும் ஒரே நேரத்துல சேந்து வந்துதுன்னா, உங்க காலுக்குக் கீழ அடுப்புக்கல்லு. அஞ்சடி தள்ளுனா வெறும் மணலு.

இத அப்பா எங்களுக்குக் கரையில வச்சுச் சொல்லல. அந்தக் கல்லுக்கு மேல நங்கூரம் போட்டு நின்னு, காதுல சொன்னாரு. கட்டுன பொண்டாட்டிகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனாரு. என்ன பாக்கிய? உங்ககிட்ட இப்பம் சொல்லிட்டேன்னா? இப்பம் சொன்னா என்ன சார், அந்தக் கோபுரம்தான் இல்லையே. அங்கதான கதையே இருக்கு.

எங்க அண்ணனுக்கு ஒரே மக. அவளுக்கு வந்த மாப்பிள்ளை டெல்வின். தெக்க அசலூர்க்காரன். கலியாணம் முடிஞ்சு வீட்டோட வந்துட்டான், வள்ளத்துக்கும் வந்துட்டான். நல்ல பயதான், இல்லங்கல. ஆனா எப்பம் பாத்தாலும் கையில ஒரு டப்பா. ஜிபிஎஸ்னு சொல்லுதானுவல்லா, அது. ஈஸ்டர் முடிஞ்சு மறு வாரம், அடுப்புக்கல்லுல நின்னு நான் நங்கூரத்த விட்டுட்டுத் திரும்புதேன், பின்னால 'டிக்'னு ஒரு சத்தம். பாத்தா டெல்வின் டப்பாவ அமுக்குதான். என்னடான்னேன். பாயிண்ட் போட்டு வச்சேன் சின்னமாமாங்கான்.

எனக்குத் தலைக்கேறிட்டு. எங்க அப்பா எங்க காதுல சொன்னத இவன் டப்பாவுக்குள்ள போட்டுட்டான்! நான் அண்ணனப் பாத்தேன். அவரு சுக்கானப் பிடிச்சிக்கிட்டு அலுங்காமச் சொல்லுதாரு, "நான்தான் போடச் சொன்னேன் இஞ்ஞாசி. பழைய கோபுரத்த இடிக்கப் போறாவ. இடிச்ச பொறவு எதப் பாத்து வருவ?"

"இதுக்குத்தான் அப்பா சத்தியம் வாங்குனாரா? இன்னைக்கு இவன் பையில இருக்கும், நாளைக்கு இவன் ஊரு மச்சினன் பையில இருக்கும். அப்பா சொத்த டப்பாவுல அடைச்சு வித்துட்டியளே அண்ணே!"

"ஏல, மருமவன் அசலானா?"

"எனக்கு அசலான்தான்!"

வள்ளத்துல ஆறு பேரு கேட்டுக்கிட்டு இருக்கானுவ. டெல்வின் மொகம் செத்துப் போச்சு. நான் என்ன செய்யட்டும்? உண்மையச் சொன்னேன்.

கோபுரத்த ஏன் இடிச்சாவன்னு நீங்க கேக்கணுமே, கேக்கலையே. கேக்காட்டாலும் சொல்லுதேன். புதுக் கோயிலு காலால நாப்பது எட்டு வைக்கிற தூரம் தள்ளிக் கட்டியாச்சு, கோபுரமும் பெருசா எழும்பிட்டு. பழச என்ன செய்யன்னு ஈஸ்டருக்கு முன்னயே ஊர்க்கூட்டம் போட்டாவ. அண்ணன் எந்திச்சு, அது ஒரு ஓரமா நின்னுட்டுப் போட்டும், யாருக்கு என்ன கெடுதலுன்னாரு. நான் எந்திச்சு, இடிக்கணும்னேன். கல்லு பேந்து விழுது, பிள்ளையள் மேல விழுந்தா யாரு பொறுப்புன்னேன். மொத ஆளா கை தூக்குனது நான்தான். அவரு வேண்டாம்னதுக்காவ நான் வேணும்னு சொன்னதா எங்க மயினி, அண்ணன் பொண்டாட்டி, ஊரெல்லாம் பேசிட்டுத் திரியிதாவ. பொய்யி. பிள்ளையளுக்காவச் சொன்னேன்.

சரி, வள்ளத்துக்கு வாங்க. அன்னைக்குக் கரை பிடிக்கதுக்கு முன்னயே நான் குதிச்சுட்டேன். நெஞ்சளவு தண்ணி. சோத்துத் தூக்குவாளிய விட்டுட்டேன், சட்டைய விட்டுட்டேன், நடந்தே வந்தேன். ஏலக்கொட்டகைக்கு நேரா வந்து, நூறு பேருக்கு முன்னால, மீன்காரிய எல்லாம் இருக்காளுவ, கத்துனேன்: "டப்பாவும் வேண்டாம், வள்ளமும் வேண்டாம். நான் தனியாப் போயி, அப்பா சொன்ன கணக்க வச்சு, அடுப்புக்கல்லு மீனக் கொண்டாந்து இங்கன கொட்டுவேன். சந்தியாகப்பர் திருவிழாக் கொடியேத்தத்துக்குள்ள கொட்டல, அதே வள்ளத்துல ஏறி டெல்வினுக்குச் சோத்துத் தூக்கு தூக்குதேன்!"

சொன்னேனா இல்லையான்னு யாரையும் கேளுங்க.

ரெண்டு நாள் கழிச்சு ஊர்க் கமிட்டி கூப்பிட்டாவ. வள்ளத்துல எனக்குப் பாதி உரிமை. அது போக நாங்க ரெண்டு பேருஞ் சேந்து சிங்கி இறாலுக்கு வலை போடதுக்குன்னு வாங்குன அந்த நீலக்கலரு சின்ன போட்டு. எது வேணும் இஞ்ஞாசி, வள்ளத்துல பங்கா, சின்ன போட்டான்னு கேட்டாவ. நான் வாயத் தெறக்கதுக்குள்ள எங்க அண்ணன் எந்திக்காரு. "வள்ளத்த அவன் எடுத்துக்கிடட்டும். சுக்கான அவனே பிடிக்கட்டும். நான் சின்னதுல போயிக்கிடுதேன்" அப்பிடிங்காரு.

தந்திரத்தப் பாத்தியளா! கூட்டத்துக்கு முன்னால ஒரே வார்த்தையில பெரிய மனுசன் ஆயிட்டாருல்லா? நான் வள்ளத்த வாங்குனா, அண்ணன வெரட்டிட்டு வள்ளத்தப் பிடுங்குனவன்னு ஊரு பேசும். நான் அதுல விழுவனா? சின்னதுதான் வேணும்னேன். நல்லா யோசின்னாவ. யோசிச்சாச்சு, சின்னதுதான்னேன். அண்ணன் தரையப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டாரு.

வீட்டுக்கு வந்தா என் பொண்டாட்டி கித்தேரி பிடிச்சுக்கிட்டா. "வள்ளத்தயே குடுத்தாவளே, சுக்கானக் குடுத்தாவளே, இத்தன வருசமா அதத்தான கேட்டிய?"

"நான் எப்பமுட்டி கேட்டேன்?"

"தூக்கத்துல கேட்டிய. நாலு வாட்டி கேட்டிய."

பொம்பளையள் எதையாவது சொல்லுவாளுவ. நான் பெருசா எடுத்துக்கிடல.

சின்ன போட்டு அடியில கீறல் விட்டுக் கெடந்துது. அத அடைச்சு, எஞ்சினப் பிரிச்சு மாட்டி, பெயிண்ட் அடிக்க ஒரு மாசம் ஓடிட்டு. அந்த மாசத்துலதான் பழைய கோபுரத்த இடிச்சாவ. நானும் போயிக் கல்லு சொமந்தேன் சார். பங்குச் சாமியாரு என் தோள்ல தட்டி, நல்ல காரியம் செய்ற இஞ்ஞாசின்னாவ. அண்ணன் வள்ளத்துல சொன்னது அப்பம் கூட எனக்கு மண்டையில ஏறல. கரையில நிக்கையில அது கோயிலுக் கோபுரம், அம்புட்டுதான். ஜூன் மாசம் போட்டத் தள்ளிக்கிட்டுப் போயி, கடல்ல நின்னு, தேரிப் பள்ளத்தப் பாத்து, சிலுவையத் தேடுதேன். பள்ளம் இருக்கு. சிலுவைய எங்க? புதுக் கோபுரம் தெக்க தள்ளி வெள்ளை வெளேர்னு நின்னு என்னப் பாக்குது. நான் அதப் பாக்கேன். போட்டுல எங்கூட ஒரு ஆளு இல்ல, இருந்தா என் மொகத்தப் பாத்திருப்பான். நல்லவேள இல்ல.

அதனால என்னன்னு நெனச்சேன். நாப்பது எட்டுதான தள்ளிப் போயிருக்கு, அத இங்கன கழிச்சுக்கிட்டாப் போச்சு. கழிச்சேன். மணலு. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாத்தேன். மணலு. கரையில நாப்பது எட்டுன்னா கடல்ல எம்புட்டு? நாலாங் கிளாசு படிச்சவனுக்கு இது தெரியுமா சார்? நீங்க படிச்சவுக, உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுல்லா! ஈயக்கட்டியக் கயித்துல கட்டி எறக்கி எறக்கிப் பாத்தேன். ஒரு வாரம், ரெண்டு வாரம், மூணு வாரம். காத்து வேற பிடிச்சுட்டு. கொண்டாந்தது வெல போவாத கூனி இறாலும் காரப்பொடி மீனும். ஏலக்கொட்டகையில பொம்பளையள் கேக்காளுவ, "என்ன இஞ்ஞாசியண்ணே, அடுப்பு இன்னும் பத்தலையா?" அடுப்புக்கல்லுன்னு பேரு ஊருக்குத் தெரியும் பாத்துக்கிடுங்க, எடந்தான் தெரியாது. நான் எவ மொகத்தையும் நிமுந்து பாக்கல.

கொடியேத்தத்துக்குப் பத்து நாளு இருக்கையில ஒரு மத்தியானம் சோறு இறங்கல. கித்தேரி வெளிப்படையாக் கேட்டா, "தொலச்சிட்டியளா?" நான் தொலைக்கலட்டி, ஊரு தொலச்சுட்டுன்னேன். அண்ணங்கிட்ட போயி ஒரு வார்த்த கேட்டா என்னன்னா. செத்தாலும் கேக்க மாட்டேன்னேன். அப்பம் டெல்வினுக்குச் சோத்துத் தூக்கு தூக்குவியளான்னா. அதுல எனக்கு அழுக வந்துட்டு. சொல்லதுக்கு என்ன வெக்கம், அழுதேன். அழுதுக்கிட்டே சொன்னேன், "அந்தப் பழைய கோபுரம் நின்ன எடத்துல, ஒசரமா ஒரு கம்பு நின்னாப் போதும்ட்டி, நான் போயிருவேன்." அப்பாவுக்குப் பண்ணுன சத்தியம் அதோட போச்சு. நான் என்ன செய்யட்டும், வாயில வந்துட்டு.

அவ எலயத் தூக்கிட்டு எந்திச்சுப் போயிட்டா.

இதுக்கு நடுவுல இன்னொண்ணு கேளுங்க, தெய்வம்னு ஒண்ணு இருக்குங்கதுக்கு. அந்த டப்பா இருக்குல்லா டப்பா, டெல்வின் டப்பா. அது கடல்ல விழுந்துட்டாம்! வள்ளத்துல வச்சு அண்ணன் கை பட்டுத் தட்டி விட்டுட்டாராம். இருவத்தெட்டு வருசத்துல ஒரு தூண்டி முள்ளத் தவற விட்டுப் பாத்ததில்ல அந்தக் கையி. அது போயி டப்பாவத் தட்டி விட்டுருக்கு. நான் கேள்விப்பட்டு வயிறு குலுங்கச் சிரிச்சேன். வேணும் நல்லா வேணும்னேன். கித்தேரி என்ன மொறைச்சா. எதுக்கு மொறைக்கான்னு எனக்கு வெளங்கல.

பொறவு வந்துது சார் அந்த நாளு. கொடியேத்தத்துக்கு இன்னும் மூணே நாளு. விடிஞ்சு வெளிச்சம் வந்த பொறவுதான் போட்டத் தள்ளுனேன், மனசே இல்ல. அலையத் தாண்டி எஞ்சினப் போட்டு ஒரு பாதி மைலு போயிருப்பேன். எதுக்கோ திரும்புனேன். திரும்புனா, கரையில ஒரு பாயி ஏறிக்கிட்டு இருக்கு!

கப்பல் பாய் சார். கடல்ல இல்ல, கரையில. பழைய கோயிலு நின்ன காலி எடத்துல, அதே எடத்துல, மரத்த நட்டு, பாய மேல ஏத்துதாவ. அது பாதி ஏறி நின்னு, காத்து பிடிச்சு, பொறவு மேல வரைக்கும் ஏறிட்டு. துவரக்கலரு பாய். நடுவுல வெள்ளையா ஒரு ஒட்டு. அந்த ஒட்டு என் கையால தைச்சது. எஞ்சின் வாரதுக்கு முன்ன எங்க வள்ளத்துல ஓட்டுன பாய் அது, அண்ணன் வீட்டுச் சாய்ப்புக் கொட்டகையில மடிச்சுக் கெடந்துது. கீழ ஆளு நின்னானுவ, மூணோ நாலோ.

எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுட்டு. என் பொண்டாட்டியப் பாத்தியளா! அவிய சாய்ப்புல புகுந்து பாயத் திருடிட்டா சார்! அண்ணன் வீட்டுப் பாய அண்ணனுக்கு எதிராவே ஏத்திட்டா! கூலிக்கு ரெண்டு பனையேறிகளக் கூப்பிட்டு மரத்தத் தூக்கியிருப்பா. அவ கெட்டிக்காரி, அவளால முடியும். நான் அப்பிடித்தான் நெனச்சேன். இப்பமும் அப்பிடித்தான் சொல்லுதேன்.

நேராப் போனேன். பாய் தேரிப் பள்ளத்துக்குள்ள போயி உக்காந்துது. வடக்க தண்ணித் தொட்டி லைட்ஹவுச மறைச்சுது. ஈயத்த விட்டேன். 'டக்'குன்னு கல்லு. அய்யோ சார், அந்தச் சத்தம்! கல்லு தட்டுற சத்தம்! போட்டுக்குள்ள முழங்கால் போட்டு அப்பா அப்பான்னு கத்துனேன். தூண்டியப் போட்டேன். பதினாறு களவா. எடுக்க எடுக்க வருது. கடைசில நான்தான் போதும்னு வந்தேன்.

ஏலக்கொட்டகையில கொண்டாந்து கொட்டுனேன் பாருங்க, அடுப்பு பத்தலையான்னு கேட்டாளுவல்லா, ஒருத்தி வாயத் தெறக்கணுமே! அன்னைக்குப் பாத்து வள்ளம் கடலுக்குப் போவல. எஞ்சின் கோளாறாம். நான் ஜெயிக்கிற அன்னைக்குப் பாத்து அவிய எஞ்சினு படுத்துட்டு. டெல்வினும் மத்த பயலுவளும் ஒரு ஓரமா நிக்கானுவ, வேர்த்துப் போயி, சட்டையெல்லாம் செம்மண்ணு. எஞ்சின் பாக்கவனுக்குச் சட்டையில கிரீசுல்லா இருக்கணும்? மண்ணு எப்பிடி வந்துதுன்னு நான் கேக்கல. எனக்கு என்ன வந்துது.

அண்ணன் கூட்டத்த விலக்கிக்கிட்டு வந்தாரு. களவாவக் குனிஞ்சு பாத்தாரு. "எங்கல பிடிச்ச?"

"உங்க மருமவன் டப்பாவக் கேளுங்க. கடலுக்கு அடியிலதான கெடக்கு, நல்லாச் சொல்லும்."

சிரிச்சாரு சார். தோத்த மனுசன் சிரிக்கலாமா? நூறு பேருக்கு முன்னால நான் அவர மட்டந்தட்டுதேன், அவரு பல்லெல்லாம் தெரியச் சிரிக்காரு. உள்ளங்கையி ரெண்டும் கயிறு உரசிச் செவந்து கெடக்கு, அத வேட்டியில தொடச்சுக்கிட்டு, "நல்ல மீனு, நல்ல மீனு"ன்னு சொல்லிட்டுப் போறாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. நான் ஜெயிச்சிருக்கேன், அவரு மொகம் வாடணும்லா? வாடலையே!

கொடியேத்தம் முடிஞ்சு அவரு சுக்கான டெல்வின் கையில குடுத்துட்டுக் கரையில உக்காந்துட்டாரு. வயசாயிட்டாம். அறுவத்தி நாலு ஒரு வயசா? எங்க அப்பா எழுவத்தி ரெண்டு வரைக்கும் பிடிச்சாரு. முட்டு வலிங்காவ மயினி. முட்டு வலிக்கவரு தெனமும் விடியக்காலம் தேரிப் பக்கம் நடந்து போறாராம், ஊர்ல பாத்தவன் சொல்லுதான். வைத்தியர் நடக்கச் சொல்லியிருப்பாரு. எனக்கு எதுக்கு அந்தக் கத?

நான் சின்ன போட்டுல தெனமும் போறேன். பாய் தெனமும் ஏறுது. அடுப்புக்கல்லு இப்பம் என் கையில. மழ பெஞ்சா ஏறாது, அன்னைக்கு நானும் போவ மாட்டேன். அதனாலதான் சார் சொல்லுதேன், வள்ளத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல. தனியா நின்னு ஜெயிச்சவன் நான். அந்தப் பேர வெட்டுங்க.

என்ன? பாய் யாரு ஏத்துதான்னா கேக்கிய? அதான் சொன்னேனே, கித்தேரி. அவளக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேக்கணுமா? அவ இங்கன இல்ல. மக பிரசவத்துக்குத் தூத்துக்குடி போயிருக்கா. எப்பம் போனாளா? அது ஆச்சு... நாப்பது நாளு.

இன்னைக்கும் ஏறிச்சு.

ஏன் சார் பேனாவக் கீழ வச்சுட்டிய? என்ன அப்பிடிப் பாக்கிய? நான் என்ன மடையனா? நான் போட்டத் தள்ளையில பாய் ஏறியிருக்காது. நான் அலையத் தாண்டி, கரைக்கு முதுகக் காட்டுன பொறவுதான் ஏறும். நான் வாரதுக்குள்ள எறக்கி மடிச்சு எடுத்துட்டுப் போயிருவாவ. அலை தாண்டுன உடன ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்தாப் போதும், நிக்கிற ஆளு யாருன்னு தெரிஞ்சுரும். என் கண்ணு நல்ல கண்ணு. ஆனா நான் பாக்க மாட்டேன். அந்த மொத நாளுக்குப் பொறவு ஒரு நாள் கூடப் பாக்கல. ஆளு தெரியாத தூரம் போற வரைக்கும், கால்மணி நேரம், கடலத்தான் பாப்பேன், கழுத்து வலிக்கும், இருந்தும் பாக்க மாட்டேன். பாத்துட்டா போயிப் பேசணும் சார். பேசுனா தப்பு என் மேலன்னு சொல்லணும். எனக்கு அது வராது. எங்க அப்பாவுக்கும் வராது, எங்க குடும்பத்துல எவனுக்கும் வராது. அவருக்கும் வராது, அதனாலதான் வாயத் தெறக்காமப் பாயேத்துதாரு. வள்ளத்த விட்டுட்டு, சுக்கான விட்டுட்டு, அறுவத்தி நாலு வயசுல எனக்காவக் கரையில கோபுரமா நிக்காரு எங்க அண்ணன். என்னால தாங்க முடியல சார். தெனமும் மீனு ஏறுது, தெனமும் எனக்கு நெஞ்சு வலிக்குது.

இருந்தாலும் வள்ளத்துல ஏற மாட்டேன். அத நல்லா எழுதிக்கிடுங்க. இஞ்ஞாசி ஏற மாட்டான்.

இருங்க, இருங்க! எங்க கோடு போடுதிய? அந்தப் பேர வெட்டாதிய. அது அவரு எழுதிக் குடுத்ததுல்லா, அத எதுக்கு நீங்க தொடுதிய? ஒரு ஆளு ஒரு படகுலதான் இருக்கணும்னா, சின்ன போட்டக் கித்தேரி பேருல எழுதிக்கிடுங்க. கஸ்பார் மருமவ கித்தேரியம்மாள், வயசு அம்பது. ஆளு சின்னதுலதான் போவான், பேரு பெருசுலயே கெடந்துட்டுப் போட்டும். உங்க சட்டத்துக்கும் சரியாப் போச்சா? அம்புட்டுதான்.

அவரு சாயங்காலம் வந்து உங்ககிட்ட கேப்பாரு, வெட்டியாச்சான்னு. கேக்காம இருக்க மாட்டாரு. இஞ்ஞாசி வெட்டச் சொல்லிக் குதிச்சான், நான்தான் வெட்டலன்னு நீங்க சொல்லிருங்க சார்.